முன்பின் தெரியாத ஒருவருக்கு ஒரு முக்காலி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நலம். முக்காலிகளும் நலம், அநேகமாக எல்லாமே எங்களோடுதான் இருக்கின்றன. புது வீட்டில் நீயும் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதக் காரணம், கொஞ்ச நாளாக நீ போனில் அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். அரைமணி நேரம் பேசிய பேச்சிலிருந்து அம்மா எனக்கு எடுத்துக் கொடுப்பது "நல்லா இருக்காளாம்" என்ற ஒன்றுதான்.

கையில் போன் இருக்கும்போது அப்பா ஏன் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். போன மாதம் உனக்கு மட்டும் என்று நினைத்து, அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றியும், டாக்டர் கொடுத்த தைலத்தை அவள் தடவிக்கொள்ளாமல் அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதைப் பற்றியும் விலாவாரியாக எழுதினேன் அல்லவா, அது உனக்குத் தனியாக வரவில்லை. முக்காலி விற்பதற்கான நம் வலைத்தளப் பக்கத்தில் 'சிறப்புத் தள்ளுபடி' என்று போட்டிருந்த படத்துக்குக் கீழே போய் எல்லோரும் பார்க்கும்படி உட்கார்ந்துகொண்டது. எந்த முக்காலிக்கும் விழாத அளவுக்கு அதற்கு லைக் விழுந்தது. இரண்டு பேர் தைலத்தின் பெயரைக் கேட்டார்கள், ஒருவர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார், யாரோ ஒரு புண்ணியவதி 'அம்மாவை நல்லா பாத்துக்கோங்க' என்று எழுதிப் பக்கத்தில் அழுகிற பொம்மை ஒன்றையும் வைத்தாள். இப்போது அம்மா மருந்துக்கடைக்குப் போனால் கல்லாவில் இருக்கும் பெண் முதலில் முழங்காலைத்தான் விசாரிக்கிறாளாம். ஆகவே இனிமேல் குடும்ப விஷயம் காகிதத்தில், வியாபார விஷயம் போனில் என்று அம்மா உத்தரவு போட்டிருக்கிறாள்.

இது இரண்டும் கலந்த விஷயம் என்பதால் காகிதத்திலேயே எழுதுகிறேன். மழை ஆரம்பித்த சமயத்தில் ஒருநாள் அம்மா முன்னறை வாசலில் வந்து நின்றாள். நான் பலகைக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வரிசை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தன் காலி அட்டைப்பெட்டிகளைப் போட்டு வைக்க ஓர் அறை தேடுகிறார், நம் முன்னறையைக் கேட்கிறார் என்றாள். நான் பதில் சொல்லாமல் தேய்த்தேன். பதில் சொல்லாமல் தேய்ப்பது சில சமயம் பலிக்கும். அன்றைக்குப் பலிக்கவில்லை.

"நான் ஒண்ணும் நாலு பேர் கேக்கலைங்க. ஒரே ஒருத்தர். நம்ம சொந்தம் இல்லாம, உங்க டிப்போ ஆளுங்க இல்லாம, முன்பின் தெரியாத ஒருத்தர் ஆசைப்பட்டு உங்க முக்காலிய வாங்கட்டும். மழை விடறதுக்குள்ள வாங்கிட்டா ரூம் உங்களுக்கு. இல்லன்னா அவருக்கு" என்றாள்.

"சொந்தக்காரங்க வாங்கினா என்ன? அதுவும் வியாபாரம்தானே?" என்றேன்.

"சொந்தக்காரங்க வாங்கினா அது மரியாதை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உனக்குச் சொல்வதற்கென்ன, தேய்த்த இடத்தையே மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தேன். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவனுக்கு, ஓய்வு பெற்ற பிறகு காலையில் எழுந்து குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு போவதற்கென்று இருக்கிற ஒரே இடம் அந்த அறை. சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து திரும்பினால் வந்துவிடுகிற தூரம்தான். இருந்தாலும் போவது போவதுதானே. தச்சு வகுப்பில் சேர்ந்து, விரலை இரண்டு தடவை நசுக்கிக்கொண்டு, ஆடாத முக்காலி செய்யக் கற்றுக்கொண்டவனை மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார் என்றால் எப்படி? அதனால்தான் நீ வேலைக்குக் கிளம்பும் முன் உருவாக்கிக் கொடுத்துவிட்டுப் போன பக்கத்தை நான் உயிரைக் கொடுத்து வளர்க்க ஆரம்பித்தேன். நீ சொன்ன மூன்று உபதேசங்களும் ஞாபகம் இருந்தன: தவறாமல் பதிவு போடுங்கள், முகத்தைக் காட்டுங்கள், பொருளுக்குப் பின்னால் இருக்கும் கதையைச் சொல்லுங்கள்.

தவறாமல் போடுவதை எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. முதல் பஸ் கிளம்புகிற நேரத்துக்கு ஒரு படம், கடைசி பஸ் வந்து சேர்கிற நேரத்துக்கு ஒரு படம் என்று போட்டேன். ஒருநாள் பசை கொட்டிக் கை ஒட்டிக்கொண்டதால் தாமதமாகிவிட, 'தவிர்க்க முடியாத காரணத்தால் இன்றைய பதிவு தாமதம், பயணிகளுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று பழைய பழக்கத்தில் எழுதிவிட்டேன். 'பரவாயில்ல சார்' என்று ஒருவர் பதில் எழுதினார். டிப்போவில் என் பணிக்காலம் முழுக்க அந்த அறிவிப்பை எழுதி மாட்டியிருக்கிறேன், ஒரு பயணிகூடப் பரவாயில்லை என்று சொன்னதில்லை. சமூக வலைத்தளத்தின் மீது எனக்கு மதிப்பு வந்தது அன்றைக்குத்தான்.

முகத்தைக் காட்டும் விஷயத்தில் கொஞ்சம் சறுக்கல். போனைப் பசை டப்பாவில் சாய்த்து வைத்து, கால் செதுக்குவதிலிருந்து பலகை பொருத்துவது வரை பொறுமையாக எடுத்தேன். போட்டுப் பார்த்தால் ஆரம்பம் முதல் முடிவு வரை என் வயிறு. அதற்கும் வரவேற்பு இல்லாமல் இல்லை. சட்டை நன்றாக இருக்கிறது, எங்கே வாங்கினீர்கள் என்று மூன்று பேர் கேட்டார்கள். வாடிக்கையாளர் கேள்விக்கு உடனே பதில் சொல்ல வேண்டும் என்று நீ சொல்லியிருக்கிறாயே, துணிக்கடையின் விலாசத்தை மூவருக்கும் அனுப்பி வைத்தேன். மூவரும் வாங்கிவிட்டார்கள். அந்தத் துணிக்கடைக்காரர் பக்கமே வைத்துக்கொள்ளவில்லை என்பதை இங்கே குறிப்பிட்டுவிடுகிறேன்.

அடுத்த வீடியோவில் போனைத் தள்ளி வைத்தேன். என் முகம் வந்தது, முக்காலி வந்தது, கூடவே பின்னால் திறந்திருந்த கதவு வழியாகச் சமையலறையும் வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு நீ போன் செய்தாயே, பாராட்டப் போகிறாய் என்று நினைத்தேன். "பின்னாடி அம்மா எது மேலப்பா உக்காந்திருக்காங்க?" என்று கேட்டாய். வெங்காயம் உரிக்கும்போது கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பா மேல்தான் உட்காருவாள் என்றேன். "வீட்ல இத்தனை முக்காலி இருக்கேப்பா" என்றாய். அவையெல்லாம் சரக்கு, படம் எடுக்க வேண்டும், கறை படக்கூடாது, மேலும் பார்ப்பவர் கவனம் முன்னால் இருக்கும் பொருளில் இருக்க வேண்டுமே தவிரப் பின்னணிக்குப் போகக்கூடாது என்று விளக்கினேன். போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாய். சம்பளத்துக்கு வேலை பார்க்கிற பெண்ணுக்கு வியாபாரம் புரிய நாளாகும் என்று நானும் விட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் நீ அம்மாவோடு மட்டும் பேச ஆரம்பித்தாய் என்று இப்போது கணக்குப் போட்டால் தெரிகிறது.

கதை சொல்லும் உபதேசத்தையும் விடவில்லை. விரல் நசுங்கிய கதையை உருக்கமாக எழுதினேன். எல்லோரும் விரலை விசாரித்தார்கள், முக்காலியை ஒருவரும் விசாரிக்கவில்லை. ஹேஷ்டேக் போட்டால் ஊர் பேர் தெரியாதவர்களும் வருவார்கள் என்று எங்கேயோ படித்துவிட்டு 'மூன்று கால்' என்று போட்டேன். உண்மையாகவே வந்தார்கள். விபத்தில் ஒரு காலை இழந்த நாய்களை எடுத்து வளர்ப்பவர்கள் சங்கமாம். தங்கமான மனிதர்கள். விஷயம் தெரிந்த பிறகும் விலகிப் போகாமல், தினமும் என் முக்காலிகளைப் பார்த்து 'பாவம், சீக்கிரம் நல்ல வீடு கிடைக்கட்டும்' என்று வாழ்த்துகிறார்கள். நானும் அதையேதான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

இந்த நிலையில்தான் மெழுகுவத்தி அம்மா என்னைத் தொடர்புகொண்டார். பின்தெருவில் வாசனை மெழுகுவத்தி செய்பவர். தனித்தனியாக நின்றால் யாரும் வளர முடியாது, வலைப்பின்னல் வேண்டும் என்று சொல்லி, நம் பேட்டையில் கைத்தொழில் செய்பவர்களை எல்லாம் 'கைகோர்ப்போம்' என்ற குழுவில் சேர்த்து வைத்திருக்கிறார். சோப்புக்காரர், பின்னல் டீச்சர், இன்னும் சிலர். குழுவில் சட்டதிட்டம் கடுமை. ஒருவர் படம் போட்டால் மற்ற எல்லோரும் லைக் போட வேண்டும், நாலு வார்த்தைக்குக் குறையாமல் பாராட்ட வேண்டும், வாய்ப்பு வரும்போது வாங்கவும் வேண்டும். "சப்போர்ட் குடுத்தாத்தான் சார் சப்போர்ட் வரும்" என்பார். எனக்கு எல்லாவற்றுக்கும் புதிது புதிதாகப் பாராட்டத் தெரியாததால் 'உறுதி, அழகு, நிதானம், அருமை' என்று ஒரே பாராட்டை எழுதி வைத்துக்கொண்டு மெழுகுவத்தி, சோப்பு, கம்பளித் தொப்பி எல்லாவற்றுக்கும் போட்டுவந்தேன். சோப்புக்கு எதற்கு உறுதி என்று சோப்புக்காரர் மட்டும் தனியாகக் கேட்டார்.

குழுவில் சேர்ந்த பிறகு எல்லோருக்கும் கிடுகிடுவென்று ஃபாலோயர் ஏறியது. யார் யார் என்று பார்த்தால் அவருக்கு இவர், இவருக்கு அவர். விற்பனையும் நடந்தது. என் முக்காலி ஒன்றை மெழுகுவத்தி அம்மா வாங்கினார், அவர் வாங்கியதால் நான் மெழுகுவத்தி வாங்கினேன். சோப்புக்காரர் வாங்குவதாகச் சொன்னார், சொன்னதற்கே நான் சோப்பு வாங்கினேன். பின்னல் டீச்சரிடம் தொப்பி வாங்கினேன். நம் ஊர் வெயிலில் அதை என்ன செய்வது என்று தெரியாமல் அம்மா மாவு டப்பாவுக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறாள். வாடிக்கையாளரைப் பிடிக்க வலை வீசி, வீசியவர்கள் மட்டும் அதில் உட்கார்ந்திருக்கிறோமோ என்று எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. ஆனால் குழுவில் சந்தேகத்தைத் தெரிவிக்க அனுமதி இல்லை. மெழுகுவத்தி அம்மா வாங்கியதைக் காட்டி, பந்தயத்தில் ஜெயித்துவிட்டேன் என்று அம்மாவிடம் போய் நின்றேன். "அவங்க மெழுகுவத்தி நம்ம வீட்ல மூணு பெட்டி இருக்கு. இதுக்குப் பேரு பண்டமாற்று" என்று வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டாள்.

அப்புறம் கூட்டு முயற்சி ஒன்று செய்தால் புதியவர்கள் வருவார்கள் என்று குழுவில் முடிவானது. என் முக்காலியின் மூன்று கால்களுக்கும் பின்னல் டீச்சர் கம்பளிக் காலுறை பின்னினார். தரையில் கீறல் விழாது, குளிர்நாட்டுப் பொருள் மாதிரி பார்க்கவும் லட்சணமாக இருக்கும் என்பது யோசனை. நம் முன்னறையில் மெழுகுவத்திகளை ஏற்றி வைத்து, நேரலையில் சோப்புக்காரர் உட்கார்ந்து காட்டுவதாக ஏற்பாடு. தரை வழவழப்பாக இருந்ததை யாரும் யோசிக்கவில்லை. அவர் உட்கார்ந்தார், முக்காலி உட்காரவில்லை. அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, முகத்தில் புன்னகை மாறாமல், கையில் தன் சோப்பை உயர்த்திப் பிடித்தபடியே போய்ச் சுவரில் நின்றார். குழுவின் சரித்திரத்தில் அதிகம் பேர் பார்த்தது அந்த நேரலைதான். காலுறைக்கு ஆர்டர் வந்தது. இடுப்புக்குத் தைலம் கேட்டுச் சோப்புக்காரர் என்னிடம் வந்தார். அலமாரியில் இருந்ததைக் கொடுத்தேன்.

மழை குறைந்துகொண்டே வந்தது. ஜன்னல் வழியாக வானம் வெளுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண்ணாடிக் கடைக்காரரின் அட்டைப்பெட்டிகள் கண்முன் வந்து நின்றன. அப்படி ஒருநாள், நடுத்தர வயதுக்காரர் ஒருவர் குடையை மடக்கிக்கொண்டே வந்து "முக்காலி செய்றது நீங்கதானே" என்று கேட்டார். சாட்சி வேண்டுமே. அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் அவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, சொந்த ஊர் எது, இங்கே யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள், முகம் பார்த்த மாதிரி இருக்கிறதே என்று அன்பாகவே குறுக்கு விசாரணை செய்தாள். மனிதர் இரண்டாவது வாய்த் தண்ணீரிலேயே உண்மையைச் சொல்லிவிட்டார்.

"எங்க மச்சான் அனுப்பினாருங்க. சோப்பு செய்வாரே, அவருதான். இடுப்பு இன்னும் நேராகல, அதான் அவரு சார்பா நான் வந்தேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் குடையைப் பார்த்தேன்.

இனி நல்ல சேதிக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம். போன வாரம், மழை ஏறக்குறைய விட்டுவிட்ட நேரத்தில், நம் பக்கத்துக்கு ஓர் ஆர்டர் வந்தது. உன் ஊரிலிருந்துதான், ஒரு பெண். பெயரைப் பார்த்தேன், நம் சொந்தத்தில் அந்தப் பெயரில் யாரும் இல்லை. குழுவில் இல்லை, டிப்போவில் இல்லை, நாய்க்காரர்களிலும் இல்லை. பணமும் முன்கூட்டியே கட்டிவிட்டாள். வழக்கமான உயரத்தைவிட நாலு விரல் உயரமாக வேண்டும், பலகை அகலமாக இருக்க வேண்டும், விளிம்பு தொடையை அழுத்தாமல் உருண்டையாக இருக்க வேண்டும், எழுந்திருக்கும்போது ஊன்றிக்கொள்ள ஒரு பக்கம் பிடி வேண்டும் என்று எழுதியிருந்தாள். 'அம்மாவுக்கு முழங்கால் வலி. சமையலறையில் அதிக நேரம் உட்கார்ந்து வேலை செய்வார். நன்றாகச் செய்து கொடுங்கள்' என்று கடைசியில் ஒரு வரி.

அந்த வரியைப் படித்ததும் இருப்பதிலேயே நல்ல பலகையைத் தேடி எடுத்தேன். இந்த முக்காலிக்கு நான் உழைத்த மாதிரி எதற்கும் உழைத்ததில்லை. யாரோ ஒரு தாய், எங்கேயோ ஒரு சமையலறை, அவளுக்கு எந்தப் பக்கம் கை ஊன்ற வாகாக இருக்கும் என்று ராத்திரி படுத்துக்கொண்டும் யோசித்தேன். உயரம் சரியா என்று பார்க்க ஆள் வேண்டுமே, அம்மாவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். வெங்காயத் தட்டோடு வந்து உட்கார்ந்தாள். பிடியில் கை வைத்து எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். "முட்டி வலிக்கறவங்களுக்கு நல்லா இருக்குமா?" என்று கேட்டேன். "நல்லா இருக்கும்" என்றாள். எழுந்திருக்கக் கொஞ்சம் தாமதித்தாள். வாடிக்கையாளர் பொருள் என்பதால் எழுப்பிவிட்டு, துணியால் துடைத்து, அட்டை வைத்துக் கட்டி, எந்த மணியை அழுத்த வேண்டும் என்பது வரை அவள் கொடுத்த முகவரியையும் எழுதி வாசல் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நாளைக் காலை கூரியர்காரர் வந்து எடுத்துப் போவார். அம்மா ஆர்டரை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, இந்தப் பெண் முன்பின் தெரியாதவள்தான் என்று ஏற்றுக்கொண்டாள். கண்ணாடிக் கடைக்காரருக்குச் சொல்லி அனுப்பியாகிவிட்டது. அறை என்னுடையது.

ஆகவே மகளே, நீ வியாபாரத்தில் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்திருந்தால் அதைக் கொஞ்சம் மாற்றிக்கொள். ஞாயிற்றுக்கிழமை 'கைகோர்ப்போம்' கூட்டத்தில் என் வெற்றிக் கதையைப் பேசும்படி மெழுகுவத்தி அம்மா கேட்டிருக்கிறார். பேச்சு தயார். நம்மைத் தெரிந்தவர்கள் லைக் போடுவார்கள், தெரியாதவர்கள்தான் நம்பி வாங்குவார்கள் என்று ஆரம்பிக்கிறேன். இன்னொன்றும் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், தப்பாக நினைக்காதே. அந்தப் பெண்ணைப் பார்த்து நீயும் கற்றுக்கொள்ளலாம். அவளும் உன்னைப்போல வேலைக்குப் போகிறவளாகத்தான் இருக்க வேண்டும். ஆனாலும் தன் அம்மா எதில் உட்காருகிறாள், எப்படி எழுந்திருக்கிறாள் என்று யோசித்திருக்கிறாள். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மகள். பெற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு. நீ நினைத்ததெல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டும். அம்மா தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். என்னுடையதும் அதோடு சேர்ந்தே வருகிறது.

என்றும் உன்,
அப்பா

பின்குறிப்பு: மேலே எழுதியதை மடித்து உறையில் போட்டுவிட்டு, உன் புது வீட்டு முகவரி என்னிடம் இல்லாததால் சமையலறையைப் பார்த்துக் கேட்டேன். அம்மா பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்தபடி மனப்பாடமாகச் சொன்னாள். நான் எழுதினேன். கதவு எண்ணைத் தாண்டியதும், அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே என் கை அடுத்த வரியை எழுதிவிட்டது: 'பெரிய மணி அடிக்காது, பக்கத்தில் உள்ள சின்ன மணியை அழுத்தவும்.' அதையே அம்மாவும் சொன்னாள். வாசலுக்குப் போய்ப் பார்சலைப் பார்த்தேன். திரும்பி வந்து, "அவகூடத் தங்கியிருக்கற பொண்ணு பேரு என்ன?" என்று கேட்டேன். சொன்னாள். அதே பெயர்தான்.

மறுபடியும் வாசலுக்குப் போனேன். பிறகு கயிற்றை அறுத்து, அட்டையைப் பிரித்து, முக்காலியைக் கொண்டுபோய் அம்மா பக்கத்தில் வைத்தேன். பெயிண்ட் டப்பாவை எடுத்து முன்னறைக்குக் கொண்டு வந்துவிட்டேன். அவள் மறுப்பு எதுவும் சொல்லாமல் மாறி உட்கார்ந்தாள். ஆர்டர் ரத்தாகிவிட்டது, அதைப் போட்டது நம் மகள், ஆகையால் பந்தயத்தில் நான் தோற்றுவிட்டேன், கண்ணாடிக் கடைக்காரரை வரச் சொல்லிவிடு என்றேன். அவள் வெங்காயத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

"முன்பின் தெரியாதவங்க வாங்கணும்னுதானே சொன்னேன். ஊருக்கே தெரிஞ்ச என் முழங்கால் உங்களுக்கு மட்டும் முன்பின் தெரியாமத்தானே இருந்துச்சு. அதனால இது செல்லும்" என்றாள்.

அறை என்னிடமே இருக்கிறது. இதை எழுதும்போது பெயிண்ட் டப்பா மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்திருப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை மாற்றவில்லை, கூட்டத்துக்கு உண்மை அவ்வளவு அவசியம் என்று தோன்றவில்லை. நீ கட்டிய பணத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். ஆர்டர் போட்ட பொருள் வந்து சேரவில்லை என்று பக்கத்தில் மோசமாக ஏதும் எழுதிவிடாதே, மகளே. சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டது, தாமதத்துக்கு மட்டும் வருந்துகிறோம்.